குடைக்காரரின் கடைசி வழக்கு

— கொலைகாரன் டாக்டர் இல்லேன்னு மட்டும் நீ நிரூபிச்சுட்டேன்னா, இந்த மீசையை எடுத்துடறேன் மாப்ளே!

— மீசையை நீங்க எடுத்து வருஷக்கணக்கு ஆச்சு அத்தான்.

— ...ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஆனா டாக்டர்தான். கடிகாரக் கடைக்காரர் கீழ விழுந்து கெடக்கறாரு. பையைக்கூடத் தொறக்காம ‘மாரடைப்பு’ன்னு சொன்னவன் யாரு?

— பையைத் தொறக்காதவன் எல்லாம் கொலைகாரன்னா, எங்க தெரு டாக்டர் தினம் நாலு கொலை பண்றாரு. சும்மா இருங்க அத்தான். கடையில கூட்டுச் சேர்ந்தானே அந்தக் கூட்டாளி, அவன்தான். கடை கடைசியில யாருக்குப் போச்சு?

— இதையேதான் போன ஞாயித்துக்கிழமையும் சொன்னே.

— நீங்க மட்டும் புதுசாவா சொல்றீங்க?

— இன்னியோட தீர்ந்துடும், விடு. உன் மருமக மொத்தத் தொடரையும் இந்தச் சின்னக் குச்சியில, பென் டிரைவாம், போட்டு அனுப்பிட்டாளே. கடைசிப் பாகம் உட்பட.

— ...கடைசிப் பாகமுமா?

— ‘அப்பா, நீங்களும் மாமாவும் அடிச்சுக்கறதை இனிமேலாவது நிறுத்துங்க’ன்னு போன்ல ஒரே சிரிப்பு. டிவியில சொருகியாச்சு. ஒரு பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான்.

— அமுக்குங்களேன்.

— ரிமோட் எங்க?

— உங்க மடியில.

— அட... மூக்குக் கண்ணாடி?

— போட்டிருக்கீங்க.

— நீதானே டிவி மெக்கானிக்? நீயே அமுக்கு.

— கெட்டுப் போன டிவின்னா சொல்லுங்க. நல்லா இருக்கற டிவியை நான் தொடறதில்ல. முதல்ல ஒரு டீ குடிப்போம்.

— இப்பத்தானேப்பா குடிச்சோம்!

— அது நான் வந்ததுக்கு. அக்கா இருந்தப்ப டீ இல்லாம குடைக்காரரைப் பார்த்ததுண்டா?

— பார்த்ததில்லதான். பாலை அடுப்புல வெச்சுட்டு, கண்ணை டிவியில வெச்சிருப்பா. பொங்காத நாள் உண்டா?

— மர டிவி... இழுத்து மூடற கதவு, அதுக்கு ஒரு பூட்டு...

— சாவி அவ இடுப்புல. பாப்பாவுக்குப் பரீட்சைன்னா டிவிக்கு லீவு. குடைக்காரருக்கு மட்டும் லீவே கிடையாது.

— துப்பறியறவர்னா அவர்தான், என்ன மனுஷன்! மழை கொட்டினாலும் குடையை விரிக்க மாட்டாரு. குற்றவாளிக்கு நேரா நீட்டறதுக்குன்னே வெச்சிருந்தாரு.

— அவர் நீட்டறதுக்குள்ள நாம மூணு பேரும் ஆளுக்கு ஒரு பேர் சொல்லியாகணும். உங்க அக்கா போட்ட சட்டம். சொல்லாதவங்களுக்கு டீ கிடையாது.

— நான் எங்க அத்தான் பார்த்தேன்? மொட்டை மாடியில ஆன்டெனாவைப் புடிச்சுக்கிட்டுல்ல நின்னேன்!

— ‘தெரியுதா, தெரியுதா’ன்னு கத்துவே. ‘தெரியுது, தெரியுது, அப்படியே அசையாம நில்லு’ம்பா.

— மழையில நின்னிருக்கேன். அக்கா ஜன்னல் வழியா கதை சொல்லுவா. ‘டேய், டாக்டர் உள்ள வர்றான்டா... பொண்டாட்டிக்காரி அழறா, கண்ணுல தண்ணியைக் காணோம்...’ அவ சொன்னதை வெச்சுத்தான் நான் பாதி வழக்கைக் கண்டுபிடிச்சதே.

— கண்டுபிடிச்சியா! ஒண்ணாவது சரியாச் சொன்னியா? எல்லாத்துலயும் ஜெயிச்சது அவதான். காய்காரர் எடை போட்டாக்கூட, குடைக்காரர் மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பார்ப்பா. அந்த ஆளு பயந்து போய் கூட ரெண்டு போட்டுட்டுப் போவாரு.

— ஹாஹா... அந்தக் கடைசி நாள் ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? தெருவே நம்ம கூடத்துல. வாசல்ல செருப்பு மலை மாதிரி. குடைக்காரர் எல்லாரையும் கடிகாரக் கடைக்குள்ள நிக்க வெச்சுட்டாரு. குடையைத் தூக்கறாரு... ‘குற்றவாளி இந்த அறையிலேயே...’

— டப்புனு கரண்ட் போச்சு!

— தெரு மொத்தமும் ‘ஐயோ’ன்னுச்சு பாரு!

— அக்கா மட்டும் இருட்டுல சிரிச்சா. ‘கடைக்காரர் சாகவே இல்ல, வேணும்னா பாருங்க’ன்னா.

— நாம ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். பொணத்தைத் தூக்கிக்கிட்டுப் போனதை ஊரே பார்த்துச்சு, இவளுக்கு மட்டும் உசுரோட இருக்கானாம்னு...

— ம்...

— ம்... அதுக்கப்புறம் அந்தத் தொடரைத் திரும்பப் போடவே இல்லையே அவங்க.

— போடவே இல்ல. முடிவு தெரிஞ்சவன் யாராவது வாயைத் தொறந்தா, காதைப் பொத்திக்கிட்டு ஓடினோம். நீங்க ஒரு தடவை பஸ்ஸை விட்டே இறங்கிட்டீங்க.

— பின்னே? பின்சீட்டுக்காரன் சொல்லத் தொடங்கிட்டானே! சரி... அமுக்கட்டுமா?

— அத்தான்... ஒண்ணு கேட்கட்டுமா?

— கேளு.

— இதைப் பார்த்துட்டா, அடுத்த ஞாயித்துக்கிழமை நாம என்ன பேசறது?

— ஏன், பேசறதுக்கு வேற விஷயமே இல்லையா?

— என்ன இருக்கு? அரசியல்னா உங்களுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். கிரிக்கெட் புடிக்காது. உடம்பு வலியைப் பத்திப் பேசினா எனக்குப் புடிக்காது. அந்த டாக்டரையும் கூட்டாளியையும் வெச்சுத்தான் நம்ம வண்டி ஓடுது. அக்கா போனப்புறமும் அங்க எதுக்குப் போறேன்னு யாராவது கேட்டா, ‘ஒரு வழக்கு பாக்கி இருக்கு’ன்னு சொல்லிக்கிட்டு வர்றேன். இதுவும் முடிஞ்சுட்டா, எதைச் சொல்லிக்கிட்டு வருவேன்?

— எனக்கும் அந்தப் பயம்தான்டா. இது வந்து நாலு நாள் ஆச்சு. உன்கிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.

— அப்ப வேண்டாம். புடுங்கி வைங்க. அந்த ஊதாக் குடை அப்படியே அந்தரத்துல நிக்கட்டும்.

— ...என்ன குடை?

— குடைக்காரர் குடை.

— என்ன கலர்னு சொன்னே?

— ...கறுப்பு.

— ஊதான்னு சொன்னே மாப்ளே. அப்ப நம்ம டிவி கறுப்பு வெள்ளை.

— ஏதோ வாயில வந்துச்சு. குடைன்னா ஏதாவது ஒரு கலர் இருக்குமில்ல...

— குடைன்னா யாரைக் கேட்டாலும் கறுப்பும்பாங்க. ஊதான்னு கண்ணால பார்த்தவன்தான் சொல்லுவான்.

— பத்திரிகையில படம் போட்டிருந்தான்...

— அப்ப பத்திரிகையிலயும் கறுப்பு வெள்ளைப் படம்தான். டிவியிலயும் திரும்பப் போடல. எங்க பார்த்தே?

— கையில குடைதான் இல்ல. மத்தபடி அப்படியே அவரேதான் அத்தான் நீங்க.

— பேச்சை மாத்தாதே. எங்க பார்த்தே?

— ...என் கடையில. யாரோ ரிப்பேருக்குக் குடுத்த கலர் டிவி. அதுல போட்டுப் பார்த்தோம். வீடியோ கேசட்டை அக்காதான் எங்கேயோ அலைஞ்சு தேடிக் கொண்டாந்தா.

— உங்க அக்காவா? எப்போ?

— அவளுக்கு முடியாமப் போன வருஷம். ஆஸ்பத்திரியில இருந்து நேரா கடைக்கு வந்தா. ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னா. ரெண்டு பேரும் ஸ்டூல்ல உட்கார்ந்து பார்த்தோம். கடைக்காரர் சாகல அத்தான். எல்லாரையும் ஏமாத்திட்டு உசுரோட இருந்தாரு. அவ சொன்னதுதான் சரி.

— அப்ப வாரா வாரம் என் வீட்டுக்கு வந்து கூட்டாளி, கூட்டாளின்னு தொண்டை கிழியக் கத்தினது...

— அவ சொல்லித்தான். கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா. ‘உங்க அத்தானுக்கு ஒருத்தரை வான்னு கூப்பிடத் தெரியாது, சண்டை போடத்தான் தெரியும். முடிவு தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. ஞாயித்துக்கிழமை தவறாமப் போய் அவரோட சண்டை போடு’ன்னா. முதல்ல அவளுக்காகத்தான் வந்தேன் அத்தான். அப்புறம் சனிக்கிழமையே சட்டையைத் தேய்ச்சு மாட்டி வெக்க ஆரம்பிச்சுட்டேன். இன்னிக்கு வாய் தவறி எல்லாத்தையும் உளறிட்டேன். இனிமே இந்த வீட்டுக்கு வர எனக்கு ஒரு சாக்கும் கிடையாது... என்ன அத்தான், சிரிக்கறீங்களா? கண்ணு ஏன் கலங்கியிருக்கு?

— அந்தக் கேசட்டை அவ அன்னிக்கே திருப்பிக் குடுக்கலடா. வாடகைக்கு ஒரு வீடியோ டெக்கையும் எடுத்துக்கிட்டு வந்து, நம்ம மர டிவியில எனக்கும் போட்டுக் காட்டினா. ‘என் தம்பி ஒண்டிக்கட்டை. நான் போயிட்டா அவன் எந்த வீட்டுக்குப் போவான்? நீங்க டாக்டர்தான்னு அடிச்சுப் பேசுங்க, அவன் ரோஷக்காரன், பதில் சொல்றதுக்காவது வருவான்’ன்னு சொல்லிட்டுப் போனா. ஒரு பாவமும் அறியாத அந்த டாக்டரை நான் இத்தனை வருஷமாக் கொலைகாரன் ஆக்கிக்கிட்டு இருக்கேன். இனிமே என்னால முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை சும்மாவே வா மாப்ளே.