ஈறு நிறத்தில் ஒரு பல் செட்டு

என் பெயர் மொரேனிகே அகின்டேலே, வயது 43. இபாதான் நகரம் போடிஜா பகுதியில் தாயாருடன் குடியிருந்து வருகிறேன். பல் வைத்தியத்துக்கான பொருட்கள் வாய்க்குள் வைக்கத் தகுந்தவைதானா என்று சோதிக்கும் ஆய்வகத்தில் பொறுப்பாளராக வேலை பார்க்கிறேன். இந்தப் புகாரின் எதிரி கொலாபோ என் உடன்பிறந்த தம்பி.

மேற்படி கொலாபோ பல் செட்டு வார்க்கும் பிளாஸ்டிக் மாவு தயாரித்து விற்று வருகிறான். வெளிநாட்டு மாவு வெள்ளைக்காரன் ஈறு மாதிரி வெளிர் ரோஸாக இருக்கும், நம் ஜனங்கள் சிரித்தால் பொய்ப்பல் என்று காட்டிக்கொடுத்துவிடும், அதனால் நம் ஈறின் கருஞ்சிவப்பிலேயே செய்கிறேன் என்று சொல்லித்தான் தொழிலை ஆரம்பித்தான். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ஈஸ்டர் முடிந்து, அந்த மாவில் வார்த்த வில்லைகளைச் சோதனைக்குக் கொண்டுவந்தான். புதிதாக வார்த்தவைதானா என்று கேட்டேன்.

"நேத்துதான் போட்டது அக்கா. சூடுகூட ஆறல" என்றான்.

சோதனைத் தட்டில் வில்லைகளோடு வைத்த உயிரணுக்கள் சாகவில்லை, அதாவது மாவில் நஞ்சில்லை. உறவு என்பதால் சக ஆய்வாளரையும் பார்க்கச் சொல்லி, அவரும் சரி என்ற பிறகே நான் ஒப்புதல் கொடுத்தேன்.

அதன் பிறகு அதே மாவில் எங்கள் தாயார் அபேனிக்கு மேல்வரிசை பல் செட்டு செய்து போட்டுவிட்டான். தாயார் அதைத் தேவாலயத்தில் ஒருவர் விடாமல் சிரித்துக் காட்டினார். அதன் பிறகு மழைக்காலத்தில் மிளகாய்க் குழம்பைத் தொடாமல் சோளக்கஞ்சி மட்டும் கேட்க ஆரம்பித்தார். காரம் குறைந்தால் தட்டையே தள்ளிவிடுகிறவர் அவர். வாயைக் காட்டச் சொன்னதற்கு, "வயசாயிடுச்சுடி, விடு" என்று மழுப்பினார். நான் விடவில்லை. செட்டைக் கழற்றிப் பார்த்ததில் மேலண்ணம் முழுக்க வெந்து தோல் உரிந்திருந்தது.

அதன் பிறகு அந்த மாவைக் கடையில் வாங்கி, நானே வில்லை வார்த்துச் சோதித்ததில் உயிரணுக்கள் அத்தனையும் செத்துப்போயின. அதன் பிறகு தம்பியை ஆய்வகத்துக்கு வரவழைத்துக் கேட்டதில், முதலில் சத்தம் போட்டான், அதன் பிறகு ஒப்புக்கொண்டான். மலிவான சரக்கைக் கலந்ததால் மாவு முழுதாக இறுகாமல் எரிச்சல் திரவம் கசிகிறது என்பதும், எனக்குக் கொடுத்த வில்லைகளை வாரக்கணக்கில் வெந்நீரில் ஊறவைத்து, கசிவு போன பிறகே கொண்டுவந்தான் என்பதும் தெரியவந்தது.

"ஊறவச்சா கசிவு போயிடும்னு எனக்கு சொன்னதே நீதானே அக்கா!" என்றான்.

நோயாளி வாயில் மாட்டும் முன் ஊறவைக்கச் சொன்னேன். என் கண்ணில் மண்ணைத் தூவச் சொல்லவில்லை.

அவனுக்கும் பந்தாட்டத்தில் முன்பல் இரண்டு போய், கட்டுப்பல் போட்டிருக்கிறான். அவன் வாயும் வெந்திருக்குமே என்று எனக்குப் பதறியது. அவ்வளவு நடந்த பிறகும் பதறியது. கழற்றிக் காட்டச் சொன்னேன். தண்ணீர் குடிக்கப் போவதாக எழுந்தான்.

"கழட்டுடா."

கழற்றினான். வெளிர் ரோஸ் நிறம். வெளிநாட்டு மாவு.

"பாவி, அம்மா வாய்க்கு அது, உன் வாய்க்கு இதா?" என்று கேட்டேன்.

"அம்மாவே ஒண்ணும் சொல்லல, உனக்கென்ன?" என்றான்.

என்னை ஏமாற்றியதைக்கூடப் பொறுத்திருப்பேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து தாயாரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். அதன் பிறகு, கழற்றி வைத்திருந்த செட்டை எடுத்துத் திரும்ப வாயில் மாட்டிக்கொண்டார்.

"என் புள்ள குடுத்தது. அவனை ஜெயிலுக்கு அனுப்ப என் பல்லுதான் கெடச்சுதா உனக்கு?" என்றார்.

அந்த மாவு இன்னும் பல ஊர் மருத்துவமனைகளில் இருப்பதால் காவல் நிலையம் வந்தேன். கடையில் வாங்கிய டப்பாவையும் நான் வார்த்த வில்லைகளையும் ஒப்படைத்துள்ளேன். பல் செட்டை ஒப்படைக்க இயலவில்லை. அது என் தாயார் வாயில் இருக்கிறது. தூங்கும்போதும் கழற்ற மறுக்கிறார்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) மொரேனிகே அகின்டேலே