கிளட்சிலிருந்து எடுத்த கால்

ரோட்டவேட்டரை மாட்டியதும் கியர் பெட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது பின்னால் யாராவது நிற்கிறார்களா என்பதைத்தான். முப்பத்தோரு வருஷமாக இந்த மலையில் உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் மண்ணைப் பொலபொலப்பாக்கிக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தருக்கும் விரல் நகம் பெயர்ந்ததில்லை. கத்திகளுக்குப் பக்கத்தில் ஆள் போனால் இஞ்சின் ஓடக்கூடாது, சாவி போகிறவன் பையில் இருக்க வேண்டும். இதை நான் சொல்லிச் சொல்லி, ஒத்தோனியேல் கிழவனின் வேதம் என்றே கேலி செய்வார்கள்.

அதனால்தான் நீங்கள் என்னைத் தேடி வந்திருக்கிறீர்கள், இஞ்சினியரம்மா. வியாழக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கிற பாதுகாப்புக் கூட்டத்தில் நானும் மருமகன் வில்மரும் ஒரே மேடையில் உட்கார்ந்து அந்த விபத்தைச் சொன்னால் விவசாயிகள் மனதில் பதியும் என்கிறீர்கள். பதியும். நான் நன்றாகவே பேசுவேன். ஆனால் எதைப் பேசச் சொல்கிறீர்கள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த ரெக்கார்டர் ஓடட்டும், அணைக்க வேண்டாம்.

என் மனைவி உபால்தினா போனபிறகு வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், மகள் யானெத், வில்மர், பேத்தி சாரித். வில்மர் தங்கமான பையன். குடிக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் திப்லே என்கிற சின்னக் கிதாரை மடியில் வைத்து மீட்டுவான், குழந்தை கைதட்டும். அவன் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. இதை நீங்கள் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான், "மாமா, யோபால் பக்கம் அண்ணன் நெல் பண்ணையில டிராக்டருக்கு ஆள் கேக்குறாங்க. கல்லறைத் திருநாள் முடிஞ்சதும் நாங்க கெளம்பலாம்னு இருக்கோம்."

"சமவெளியா? வெக்கையில வெந்து போவீங்கடா" என்றேன்.

"இங்க குளிர்ல வெறைக்கிறதுக்கு அது தேவலாம்" என்று யானெத் சிரித்தாள். "நீங்களும் வாங்கப்பா. அந்த ருவானாக் கம்பளியைக் கழட்டிப் போட்டுட்டு பனியனோட திரியலாம்."

நானும் சிரித்தேன். என் மனைவி கிடக்கும் மண்ணை விட்டு நான் போகமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டாள். அன்றைக்கு என் தட்டில் சூப் ஆறிப்போனது. மூன்று பேர் எழுந்துபோனால் அந்த மேசை எவ்வளவு நீளமாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கெஞ்சியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கெஞ்சினால் ஒரு வருஷம் இருப்பார்கள், பிறகு முகம் சுளித்துக்கொண்டு போவார்கள். பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மனக்கசப்பை நான் உண்டாக்க விரும்பவில்லை.

அடுத்த வாரம் டிராக்டர் பாட்டரி சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து பாட்டரி கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிடுவேன். சாவியைத் திருப்பினால் சத்தமே வராது. மூன்று நாள் வில்மர்தான் சரிவில் தள்ளிக் கிளப்பிக் கொடுத்தான். "மாமா, ஒண்ணு பாட்டரியை மாத்துங்க, இல்ல மருமகனை மாத்துங்க" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். பக்கத்து வயலில் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான்காவது நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைதான் எங்கள் சுகாதார நிலையத்துக்கு மருத்துவர் வருவார். பிக்கப் வண்டியை வயல் ஓரத்தில், பாதையைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினேன். இருக்கைக்கு அடியில் துவைத்த துணி ஒரு கட்டு. இடுப்பில் அகலமான தோல் பெல்ட். நான் கொடுமைக்காரன் இல்லை, இஞ்சினியரம்மா. ஒரு காரியத்தில் இறங்கினால் எல்லாவற்றையும் யோசித்துத்தான் இறங்குவேன்.

ஓரத்தில் கிக்குயுப் புல் அடர்ந்த இடத்தில் வேண்டுமென்றே ரோட்டவேட்டரை இறக்கி ஓட்டினேன். பத்தடியில் கத்திகளில் புல் கயிறாகச் சுற்றிக்கொண்டது. ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி, அடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுக்க வில்மரிடம் சொன்னேன். முட்டு இல்லாமல் மேலே விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

"இஞ்சினை நிறுத்துங்க மாமா" என்றான். நான் சொல்லிக் கொடுத்த பாடம்.

"நிறுத்தினா இந்த மட்டத்துல எப்படிக் கிளப்புறது? நான் கிளட்சை மிதிச்சுப் பிடிச்சிருக்கேன். கத்தி அசையாது. சட்டுனு அறுத்து விட்டுடு."

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "வேதக்காரரே சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டு, கத்திகளை மூடியிருந்த பின்தகட்டைத் தூக்கிக் கொக்கியில் மாட்டிக் குனிந்தான்.

ஆக்சிலேட்டரை முழுக்கக் குறைத்து வைத்திருந்தேன். அவன் கையால் புல்லை அறுத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் காலை எடுக்கவில்லை. திப்லே வாசிக்கிற கை. அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கையை வெளியே எடுத்தான், பேனாக்கத்தியை மடக்கிப் பையில் போட்டான். மிச்சம் ஒட்டியிருந்த கட்டியை எப்போதும்போல பூட்ஸ் காலால் எத்தினான். அப்போதுதான் கிளட்சிலிருந்து காலை எடுத்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம். மறுபடி மிதித்துவிட்டேன்.

நான் நினைத்தது பாதம் மட்டும். கத்திகள் முழங்கால் வரை போய்விட்டன.

பெல்ட்டைத் தொடையில் இறுக்கி, தூக்கிக்கொண்டு பிக்கப்புக்கு ஓடினேன். என் அழுகை நடிப்பில்லை. என்னுடைய அறுபது வயதில் அப்படி அழுததில்லை. சுகாதார நிலையத்திலிருந்து துன்ஹா ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். பெல்ட் கட்டியிருக்காவிட்டால் ஆளே போயிருப்பான் என்று அங்கே எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். கண் விழித்ததும் வில்மர் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அழாதீங்க மாமா. சேத்துக்கால் பெடல்ல வழுக்கத்தான் செய்யும். காலை உள்ள விட்டது என் தப்பு" என்றான். வழுக்கிவிட்டது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அவனாகவே சொன்னான். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் செய்த ஒரே பிழை அந்தக் கம்பி. மறுநாள் வயலுக்குப் போனபோது பழக்க தோஷத்தில் அதை இறுக்கிவிட்டேன். தளர்ந்து கிடந்தால் பாட்டரி முனை அரித்துவிடும். ஒரு வாரம் கழித்து, மழையில் நிற்கிறதே என்று யானெத் டிராக்டரை எடுக்கப் போனாள். நான் வேலிப் பக்கம் நின்றிருந்தேன். சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே கிளம்பியது.

அவள் வண்டியை நகர்த்தவில்லை. இருக்கையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கிளட்சை மிதித்தாள், விட்டாள். திரும்பிக் கத்திகளைப் பார்த்தாள். மறுபடி மிதித்தாள், விட்டாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து சூப் வைத்து, எல்லோருக்கும் ஊற்றினாள்.

அன்றிலிருந்து அவள் என்னை அப்பா என்று கூப்பிடுவதில்லை. பாவம், அலுப்பு. புருஷனைக் குளிப்பாட்ட வேண்டும், தூக்கி உட்கார வைக்க வேண்டும், குழந்தையைப் பார்க்க வேண்டும். சாரித்தை என் மடியில் உட்காரவிடுவதில்லை. எனக்கு முதுகுவலி என்று நினைக்கிறாள்போல. வில்மர் திப்லேயைத் தொடுவதில்லை. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அடிக்கடி எடுத்துச் சொல்கிறேன்.

நீங்கள் யாரிடம் போய்ச் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. என்னை அழைத்துப் போக ஆள் வந்தால் சாப்பாட்டு வேளையில் மட்டும் வர வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் நாங்கள் நான்கு பேரும் மேசையில் இருப்போம். கரண்டிச் சத்தம்தான் கேட்கும். ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்காது. யோபால் பேச்சையும் அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அவர்களுக்கே இங்கே பிடித்துப்போய்விட்டது.