ரெண்டு பேருக்கு ஒரு கூடாரம்

…பேண்டுக்கு ஜிப்பு வைப்பாக, பைக்கு ஜிப்பு வைப்பாக. வீட்டுக்கு ஜிப்பு வச்சு எங்கனயாவது பாத்திருக்கியாம்மா நீ? கொசு வந்துரும்னு எங்க வீட்டுக்காரரு வெளிய இருந்து இழுத்து மூடிட்டுப் போயிட்டாக. உள்ள இருந்து நான் இழுக்கேன் இழுக்கேன், பாதியில மாட்டிக்கிருச்சு. “ஏங்க… ஏங்க…”ன்னு கத்துதேன், அவுக அங்கன உக்காந்து கொக்கு பாத்துக்கிட்டு இருக்காக! பக்கத்துக் கூடாரத்துல இருந்து நீ வந்து தொறந்து விட்டியோ, நான் பொளைச்சேனோ. இல்லேன்னா இந்நேரம் பார்சல் மூட்டையாட்டம்தான் கெடந்திருப்பேன்.

சரி, அந்தப் புத்தகத்தக் கீள வையி. அது எங்கயும் ஓடிராது. உப்புமாக்குத் தண்ணி வச்சிருக்கேன், ஒரு வாய் சாப்பிடு. சாப்பாடெல்லாம் இந்தத் தோப்புக்காரவுகளே குடுப்பாகளாம்… குடுக்கட்டும். காலையில தட்டுல ரெண்டு ரொட்டித்துண்டு வச்சிருந்தாக பாத்தியா? நான் என்ன காச்சக்காரியா? அதான் அடுப்ப எடுத்துட்டு வந்துட்டேன்.

அந்தா, வெள்ளை பனியன் போட்டுக்கிட்டு, காலத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு இருக்காகள்ல, அவுகதான் எங்க வீட்டுக்காரரு. சிவகாசியில காலண்டர் பிரஸ். தீவாளி முடிஞ்சா எங்க ஊரே காலை நீட்டிப் படுத்துரும், எங்களுக்கு அப்பத்தான் சீசனு உச்சத்துல நிக்கும். லோடு, லோடு, லோடு… தூக்கத்துலயும் “ஏலே, கட்டிங் ஆச்சா, வண்டியில ஏத்துலே”ம்பாக. நாட்டுக்கெல்லாம் லீவு எந்தத் தேதின்னு செவப்பு மையில அடிச்சுக் குடுக்கிற மனுசன், தனக்குன்னு ஒரு லீவு எடுத்தது கெடையாது.

கேளு… கல்யாணமான புதுசுல குத்தாலம் கூட்டிட்டுப் போனாக. எப்படி? அக்காமாரு, தங்கச்சி, மாப்பிள்ளைமாரு, பிள்ளைக… ஒரு வேன் நெறைய! அருவியில நான் குளிச்சேன்னா நெனைக்க? கரையில நின்னு எல்லாத்துக்கும் துண்டு எடுத்துக் குடுத்தேன். அதுக்கப்புறம் எங்க போனாலும் வேன்தான். திருச்செந்தூரா, வேன். கொடைக்கானலா, வேன். நான் பொம்பளைக பக்கம் உக்காருவேன், அவுக டிரைவர் பக்கத்துல. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து சீட்டுல உக்காந்ததே இல்லேன்னா நம்புவியா?

இந்தத் தையில எம் மக ஹர்ஷினி, கோயம்புத்தூர்ல வேலை பாக்கா, அவளே புக் பண்ணிட்டா. “அம்மா, வத்திராயிருப்பு தாண்டி ஒரு தென்னந்தோப்பு, கண்மாய்க்கரை, எதுத்தாப்புல மலை, ஒரே அமைதி. நீயும் அப்பாவும் மட்டும் போங்க”ன்னா. இவுக எங்க வரப்போறாகன்னுதான் நான் நெனைச்சேன். “வாரேன். ஆனா யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது”ன்னாக. அம்புட்டுத்தான்.

அமைதின்னாலும் இப்படியாம்மா? ஒரு மிசின் சத்தம் இல்ல, ஒரு ஹாரன் இல்ல… காதுக்குள்ள ஙொய்ங்குது. உனக்கு ஒண்ணும் செய்யலியா? அமைதிக்குத்தான் வந்தியா? அப்பச் சரி, நான் கம்முன்னு இருக்கேன்.

…ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிருதேன். நேத்து சாயங்காலம் இங்கன உக்காந்து, “சொர்ணம், அந்தக் கொக்கப் பாரேன், எம்புட்டு நேரமா ஒத்தக் கால்ல நிக்கி”ன்னாக. சொர்ணம்! எம் பேரு அவுகளுக்கு ஞாவகம் இருக்குன்னே எனக்கு நேத்துத்தான் தெரியும். வீட்டுல எல்லாம் “ஏய், காப்பி”, “ஏய், சாவி”தான். எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. கொக்கப் பாக்குற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

இரு, போன் அடிக்கி… மதினி, சொல்லுங்க மதினி… என்னது? எங்கன?… தோப்பு கேட்டுலயா?… வேன்லயா?… ஆங்… ஆமா ஆமா, சந்தோசந்தான்… வாங்க, வாங்க…

போச்சு! எல்லாம் போச்சு! அவுக மூத்த அக்கா, விஸ்வநத்தத்துல வெடிக் கம்பெனி வச்சிருக்காக. அவுக பேசுனாலே சரவெடிதான். மொத்தக் குடும்பத்தையும் ஏத்திக்கிட்டு வந்து எறங்கிட்டாக! பிரியாணிச் சட்டியோட! எந்தப் பாவி போட்டுக் குடுத்தான்னு தெரியலியே. இந்தத் தோப்புக்காரனா இருக்குமோ? எம் மகளா? அவ வாயே தொறக்க மாட்டாளே…

என்ன, சிரிக்க? நானா? நான் ஒரு ஈ காக்காகிட்டச் சொல்லல! கண்மாய போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்தான் வச்சேன். அதுல ஊர் பேருகூடப் போடல. மதினி “எங்கன?”ன்னு கேட்டாக. பெரியவுக கேக்காக, பதில் சொல்லாம இருந்தா மரியாதையா? லொகேசன் அனுப்புனேன். லொகேசன் அனுப்புறது சொல்லுறதாம்மா? வாயத் தொறந்து நான் ஒரு வார்த்தை… வரட்டுமான்னாக, ஒரு பேச்சுக்கு வாங்கன்னேன். பேச்சுக்குச் சொன்னா நெசமாவே வந்துருவாகளா?… ஆமா, நாந்தான். போதுமா? நாந்தான்!

அய்யய்யோ, எங்க வீட்டுக்காரரு வேனப் பாத்துட்டாக. எந்திரிச்சிட்டாக. என் மூஞ்சிய எங்கன கொண்டு வைப்பேன்… இங்கன வரலியே? அங்கன எங்க போறாக? தோப்புக்காரன் கட்டிப் போட்டிருக்கானே அந்தப் பரிசல்… அதுலயா? ஏறிட்டாக! துடுப்பக் கையில எடுத்துட்டாக! ஏங்க! உங்க அக்காவ எந் தலையில கட்டிட்டு நீங்க மட்டும் தப்பிச்சுப் போறீகளா?

என்ன கையக் காட்டுறாக… உன்னையவா? என்னையவா கூப்பிடுறாக? “சொர்ணம், ஓடியா”ங்காகளா? கோவமா இருக்காகளான்னு பாரு, எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியல… சிரிக்காகளா? நல்லாப் பாத்தியா? சிரிக்காகளா!

இந்தா தாயி, இந்தக் கரண்டியப் பிடி. ரவையக் கொட்டிட்டேன், அடிபிடிச்சிராம கிண்டிக்கிட்டே இரு. செவப்புச் சேலையில முன்னால வாராகள்ல, அவுகதான் மதினி. அவுகளுக்குச் சுகரு, காப்பியில சீனி போட்டுராத. எங்கன போனோம்னு கேட்டா, நீ வெளியூரு, உனக்கு ஒண்ணுந் தெரியாது… ஏங்க, பரிசல இன்னுங் கொஞ்சம் ஓரமாக் கொண்டாங்க, சேலை நனையுது… சரி சரி, நனைஞ்சா நனையட்டும். கையக் குடுங்க!