வெள்ளை ஸ்பாஞ்சு

எனக்குச் சுத்தம் பிடிக்கும், தம்பி. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் வேறு எப்படி இருப்பான். நான் குளோரின் கலந்த தண்ணீரில் ஒரு கிருமி உயிரோடு இருந்தால், அது என்னிடம் மனுப் போட்டு அனுமதி வாங்கியிருக்கும் என்று ஊரே சொல்லும். ஊர் என்றால் நான் சொல்வேன், ஊர் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்த ஸ்பாஞ்சைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். மீன் தொட்டியைக் கழற்றி எடுத்துப் போகத்தான் என் மகள் உங்களைக் கூப்பிட்டாள். வந்த இடத்தில் ஃபில்டரைத் திறந்து பார்த்துவிட்டீர்கள். "ஐயா, இத்தனை மாசம் ஓடின ஸ்பாஞ்சு சேத்துல முக்கி எடுத்த மாதிரி இருக்கணும். இது என்ன, நான் வித்தப்போ இருந்ததைவிட வெள்ளையா இருக்கு?" என்று கேட்டீர்கள். வண்ணமீன் கடைக்காரர் என்றால் நீங்கள்தான். உங்களிடம் மறைத்துப் பயனில்லை. அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், கொஞ்சம் மெதுவாகப் பேசிக்கொள்வோம்.

தொட்டி அவள் யோசனை. தொலைவில் ஒரு பெரிய மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பிசியோதெரபி. அவள் கை பட்டு எழுந்து நடந்தவர்களை வரிசையாக நிறுத்தினால் தெருமுனையைத் தாண்டும். என் தோளையே எடுத்துக்கொள்ளுங்கள், சட்டை மாட்ட முடியாமல் கிடந்தேன். இப்போது இந்தக் கையால் யானையைத் தூக்குவேன், யானை சம்மதித்தால்.

"அம்மாவும் இல்ல. நானும் போயிட்டா நீங்க சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்கப்பா. அதுக்கு இதைப் பாருங்க" என்றாள். அடியில் சத்து மண், மேலே பொடி சரளை, ஒரு வேர்க்கட்டை, அதில் நூலால் கட்டிய பாசி, பின்னால் நாடா நாடாவாகச் செடிகள். மண் கலங்கக் கூடாதென்று உள்ளே ஒரு தட்டை வைத்து, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் அதன்மேல் தண்ணீர் ஊற்றினாள். மீன் விடாமல் வாரக்கணக்கில் வெறும் தண்ணீரை ஓடவிட்டாள்.

"என்ன கண்ணு, தண்ணிக்கு வாக்கிங்கா?" என்றேன்.

அப்போதுதான் விளக்கினாள். மீன் கழிவில் விஷம் ஊறும். அதைத் தின்னும் நல்ல கிருமிகள் ஸ்பாஞ்சில் குடியேற வேண்டும். அதற்குத்தான் காத்திருப்பு. "இதைத் தொட்டித் தண்ணிலயே லேசா அலசணும்பா. குழாய்த் தண்ணி பட்டா அத்தனையும் செத்துடும். உங்களுக்குத் தெரியாததா, நீங்க போட்ட குளோரின்தானே?" பிறகு சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "மீன் பொழச்சு, தொட்டி நிலைச்சு நிக்கிறதைப் பாத்துட்டுத்தான் கிளம்புவேன்."

பார்த்தீர்களா, வழி சொன்னதும் அவள்தான். நான் காது கொடுத்துக் கேட்டேன், அவ்வளவே.

உங்கள் கடையிலிருந்து முதலில் வந்தவை கப்பி மீன்கள். வீடே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. பயணப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். அந்தத் தூசி தட்டும் சத்தத்தை நான் எப்படிச் சொல்வேன். மறுநாள் அவள் இங்கே பார்த்துக்கொண்டிருந்த வேலைக்குப் போனதும் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து கழுவினேன். அழுக்கு போகப் போக மனசு லேசானது. சில நாளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஏதோ சொல்ல வருவதுபோல் இருந்தது. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

மீன்கள் செத்து மிதந்தன, பயணம் தள்ளிப்போனது. சீக்கு மீனைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று உங்களைத் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன், நன்றாகவே திட்டினேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்து வேறு மீன், மறுபடி குழாயடி. செடிகள் வேறு எனக்கு எதிராக நின்றன. அவையும் விஷத்தைக் குடிக்குமாமே. அவள் இல்லாத பகலில் விளக்கை அணைத்துத் தொட்டிமேல் போர்வை போர்த்தினேன். இலைகள் கண்ணாடிபோல் வெளுத்துக் கரைந்தன. அவள் தண்ணீரைச் சோதித்தாள், பாதித் தண்ணீர் மாற்றினாள், மண்ணைப் பிரித்துத் திரும்பப் போட்டாள். மருத்துவமனைக்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அதன் பிறகும் ஏன் கழுவினீர்கள் என்கிறீர்கள். உலகத்தில் மருத்துவமனை அது ஒன்றுதானா, தம்பி. ஒருமுறை அழுக்கோடு விட்டால் போதும், மீன் பிழைத்துவிடும்.

கடைசியாக வந்தவையும் மிதந்தபோது அவள் அழவில்லை. வலைக்கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டுக் கையை வெகுநேரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். "என் கைக்கு ராசியில்லப்பா. தொட்டதெல்லாம் போயிடுது" என்றாள். மறுவாரமே நோயாளிகளைத் தொடுவதை விட்டாள். போன மாதம் என் மகனும் மருமகளும் பிறந்த குழந்தையோடு வந்தார்கள். மருமகள் குழந்தையை நீட்டினாள். இவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. நான் தொட வேணாம்."

"என்னடி விளையாட்டு இது, உன் அண்ணன் பிள்ளைடி."

"அதனாலதான் வேணாங்கிறேன்."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். மூடினேன். யோசித்தால் அதிலும் ஒரு நன்மை இருந்தது. இனி அண்ணன் வீட்டுக்குக்கூடப் போய்த் தங்க மாட்டாள்.

இப்போது தொட்டியும் வேண்டாம் என்கிறாள். எடுத்துப் போங்கள், இனி அதற்கு வேலையில்லை. ஆனால் என் மகளிடம் சொல்லத்தான் போகிறேன் என்கிறீர்களே, அதைத்தான் கேட்க முடியவில்லை. நீங்களும் பிள்ளை குட்டிக்காரர். இந்த வீட்டில் சாயங்காலம் விளக்குப் போட ஆள் இல்லாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா. உங்கள் காலில் விழச் சொன்னாலும் விழுவேன், தோள் இப்போது நன்றாக இருக்கிறது, அவள் சரிசெய்த தோள்.

அதோ, வருகிறாள். ஸ்பாஞ்சைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மீனில்தான் கோளாறு என்று சொல்லிவிடுங்கள். நான் கொடுமைக்காரன் இல்லை, தம்பி. போகாதே என்று அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சந்தேகமிருந்தால் அவளையே கேளுங்கள்.