ஆளுக்கொரு டிஸ்க்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு மாமாவும் மச்சானும். மாமா தன் தம்பியோடு சேர்ந்து போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறார். மச்சானுக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஸ்டுடியோவின் எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவாக, கல்யாணப் படங்களைச் சேர்த்து வைக்க ஒரு பெட்டி வாங்கப் போகிறார்கள். இதெல்லாம் சிப்காட் தாண்டுவதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது. அப்புறம் மாமா சொன்னதைக் கேட்டுத்தான் நான் பேப்பரை மடித்தேன்.

“ரெண்டு டிஸ்க் போடுற பொட்டியே வாங்கு மச்சான். நாளைக்கி பாகம் பிரிச்சா ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கலாம்.”

“பாகம் பிரிக்கறதுக்கு இல்ல மாமா. ஒண்ணுல இருக்கறதுதான் இன்னொண்ணுலயும் இருக்கும். ஒண்ணு போயிட்டாலும் இன்னொண்ணு இருக்கும்.”

“அப்ப நான் எடுத்த போட்டோ அவன் டிஸ்க்குலயும் இருக்குமா?”

“இருக்கும். அவரு எடுத்தது உங்க டிஸ்க்குலயும் இருக்கும்.”

“யாருதுல ஜாஸ்தி இருக்கும்?”

“ஆளுக்குப் பாதி இல்ல மாமா. ஆளுக்கு முழுசு.”

“ரெண்டு பேருக்குமா?”

“ரெண்டு பேருக்கும்.”

பஸ் புதுச்சத்திரத்தில் நின்று கிளம்பியது. மாமா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

“எங்கப்பா அந்த மூணு காணி நெலத்த இப்படி ஒரு பொட்டில போட்டுட்டுப் போயிருந்தா, எங்க பெரியண்ணன் என் கல்யாண போட்டோவுல நின்னுருப்பாரு மச்சான்.”