தண்ணீருக்குள் வெட்டுங்கள்

இந்த அவையை நடத்தும் தலைவர் அவர்களே, யார் எதைச் சொன்னாலும் "எங்கே விளைஞ்சுது, காட்டு" என்று கேட்டுப் பழகிய மூத்தோர்களே, காலையிலிருந்து கால்கடுக்க நின்று இப்போதுதான் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பேச்சு நீண்டால் நழுவ வசதியாகக் கடைசி வரிசையைப் பிடித்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்!

நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். எதையும் சட்டென்று நம்பாதவள். அப்படிப்பட்ட நான் செய்த தவறைச் சொல்லத்தான் இங்கே ஏறியிருக்கிறேன்.

என் தம்பியின் பண்ணைக்குட்டை உங்களுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் அதன் ஓரத்தில் சம்பு என்னும் நீர்க்களை முளைத்தது. ஒரே ஒரு கொத்து. பச்சை வாள் போல இலை, பழுப்புக் கதிர், பார்க்க அழகு. கொத்து வரிசையானது, வரிசை வேலியானது, வேலி மதிலானது! கரை எங்கே? காணோம். வலை இழுக்க வழி எங்கே? காணோம். மோட்டார் குழாயின் வாயிலும் சம்பு. வயலுக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது.

பொறுக்கமாட்டாமல் தம்பி களைக்கொல்லி கேனோடு வந்து நின்றான். அந்தக் குட்டையில் மீன் வளர்ப்பவள் அவன் மனைவி. இரண்டாயிரம் குஞ்சுகள் விட்டிருந்தாள்.

"மருந்தடிச்சா என் மீனு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுன்னு கடைக்காரர் சொன்னாரு."

"அவரு என்ன, கடைக்குள்ள மீனா வளர்க்கிறாரு?"

சிரிக்கிறீர்கள். அவள் சிரிக்கவில்லை. அவள் பயம் நியாயமானது. மருந்து மீனை விட்டுவைத்தாலும், அத்தனை களையும் ஒரே நேரத்தில் அழுகினால் தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்துபோகும். மீன் மிதக்கும்.

"ரெண்டு மாசம் தரேன். நீயும் அக்காவும் என்ன வேணாலும் பண்ணுங்க. அதுக்கு மேல என் பயிர் தாங்காது" என்றான் தம்பி.

நான் யோசனை சொன்னேன். படித்தவள் அல்லவா! "வடிகாலைத் திறந்து தண்ணியை இறக்குங்க. அடி வரைக்கும் தெரியும், சுலபமா வெட்டலாம்" என்றேன். இறக்கினோம். வெட்டினோம். மூன்று நாள் வேலை. கரையில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டோம்.

பன்னிரண்டாம் நாள் போய்ப் பார்த்தால் வெட்டிய இடமெல்லாம் முழங்கால் உயரம். தண்ணீர் வற்றிய சேற்றிலோ, விதைத்த நாற்றங்கால் போலப் புதுச் சம்பு! களையை ஒழிக்கப் போய்க் களைக்குப் பாத்தி கட்டிக் கொடுத்திருந்தேன்.

தம்பி களைக்கொல்லி கேனை எடுத்துத் தூசி துடைத்து வைத்தான். திட்டியிருக்கலாம்.

அப்போது தம்பி மனைவி ஆழமான பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்: "அண்ணி, இங்க வாங்க. குழாயைச் சுத்தி மட்டும் ஏன் முளைக்கல?"

அங்கே வெட்டியவர் மோட்டார் மெக்கானிக். நாங்கள் தண்ணீரை இறக்குவதற்கு முந்தைய மாதம் மோட்டாரைப் பழுது பார்க்க இறங்கியவர். கேட்டால் கூச்சப்படுகிறார்: "நான் ஒண்ணும் பண்ணலீங்கம்மா. மார்பளவு தண்ணி, கண்ணுக்குத் தெரியல. தடவிப் பார்த்து, கை எட்டின இடத்துல அறுத்துட்டேன்."

அவர் அறுத்த அடிக்கட்டை ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கொழகொழவென்று கையோடு வந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. அப்படியொரு இனிய நாற்றத்தை நான் முகர்ந்ததே இல்லை!

சம்பின் தண்டு ஒரு காற்றுக்குழாய். சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்கு அதன் வழியாகத்தான் காற்று போகிறது. தண்ணீருக்கு மேலே வெட்டினால் குழாய் திறந்தே இருக்கும். தண்ணீருக்குக் கீழே வெட்டினால் நீர் புகுந்து அடைக்கும், கிழங்கு அழுகும். இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைகிறவள் யார்? நான்தான்.

வடிகாலை அடைத்தோம். கிணற்று நீரை விட்டு நிரப்பினோம். இடுப்பளவு நீரில் இறங்கி, அடியில் தடவித் தடவி அறுத்தோம். ஓரத்து நாற்றுகளைக் கையால் பிடுங்கினோம். மூன்று வாரம் கழித்து, தப்பியதை மறுபடி அறுத்தோம். அறுத்ததையெல்லாம் கரை தாண்டிக் கொண்டுபோய்க் காயப்போட்டோம்.

என்ன சொல்கிறீர்கள், முன்வரிசையில்? அட்டையா? கடித்தது ஐயா. மீன்காரிக்கு மூன்று, எனக்கு ஐந்து.

இரண்டு மாதம் முடிந்த அன்று தம்பி குட்டையைச் சுற்றி நடந்தான். கரையை ஒட்டியே நடந்தான். நடக்கக் கரை இருந்தது! வலையை இழுத்தார்கள். எங்கும் சிக்காமல் அது கரை வந்து சேர்ந்தது. உள்ளே மீன்கள் துள்ளிய துள்ளலில் எங்கள் மூவருக்கும் முகமெல்லாம் தண்ணீர். நல்லவேளை, யார் அழுதது என்று யாருக்கும் தெரியவில்லை.

"மறுபடி முளைக்குமாக்கா?" என்றான்.

"முளைக்கும்" என்றேன். பொய் சொல்ல வராது எனக்கு.

அவன் மனைவி முந்தானையை இழுத்துச் செருகினாள். "முளைக்கட்டும். இப்பத்தான் எங்க அறுக்கணும்னு தெரியுமே."

என் அன்புக்குரியவர்களே! தெரிந்ததை மட்டும் வெட்டினோம், களை வளர்ந்தது. தெரியாததைத் தடவி வெட்டினோம், கரை தெரிந்தது. உங்கள் குட்டையில் ஒரு கொத்து இருக்கிறதா? கதிர் வெடித்து விதை பறக்கும் முன் இறங்குங்கள். அழகாக இருக்கிறதே என்று மயங்காமல் இறங்குங்கள். தண்ணீரை இறக்காதீர்கள், நீங்கள் இறங்குங்கள்!

கூச்சப்பட்டு வாசலிலேயே நிற்கும் மெக்கானிக் அவர்களுக்கும், கேள்வி கேட்ட என் தம்பி மனைவிக்கும், இவ்வளவு நேரம் பொறுத்திருந்த உங்களுக்கும் என் நன்றி. நாளைக் காலை எந்தக் குட்டைக்குக் கூப்பிட்டாலும் அரிவாளோடு வருகிறேன். வணக்கம்.