சுவரோரம் ஒன்பது புள்ளிகள்

— இன்னொரு தரம் சொல்லுங்க டாக்டர். மொதல்ல சொன்னது எனக்கு ஏறல.

— நுபியாம்மா, நான் டாக்டர் இல்ல. சுகாதார ஆபீஸ்ல கணக்குப் போடுறவன். வில்மெர்னே கூப்பிடுங்க.

— எங்க பர்ரங்கியா ஊர்ல சட்டைய உள்ள விட்டவன் எல்லாம் டாக்டர்தான். சொல்லுங்க.

— அதாவது, இந்த வரைபடத்துல ஒவ்வொரு சிவப்புப் புள்ளியும் ரத்தப் புத்துநோய் வந்த ஒரு குழந்தையோட வீடு. பெயிண்ட் ஃபாக்டரி செவரோரமா ஒம்பது.

— அதுல ஒண்ணு என் யூலெய்சி.

— தெரியும்மா. காப்பி குடிக்கிறீங்களா?

— வேணாம். எங்க தெருவுல காப்பியும் பெயிண்ட்ல கலக்குற தின்னர் வாசந்தான் அடிக்குது. ஒம்பதும் செவத்த ஒட்டிக் கெடக்கே, இதுக்கு மேல என்ன கணக்கு?

— ஒரு கை அரிசியத் தரையில வீசுங்க. சமமாவா விழுது? அங்கங்க கும்பலாத்தான் விழும். யாரும் குவிச்சு வைக்கல. தற்செயலும் குவியும்.

— என் பொண்ணு அரிசி. சரி, இருக்கட்டும்.

— அப்படிச் சொல்லலம்மா. உங்க பேட்டையில இருக்கிற குழந்தைங்களுக்கு, ஃபாக்டரியே இல்லாட்டியும் இத்தன வருஷத்துல அஞ்சு பேருக்கு வரலாம். வந்தது ஒம்பது.

— நாலு கூட.

— ஆமா. ஆனா இதே மாதிரி நூறு பேட்டைய எடுத்தா, ஏழுல சும்மாவே ஒம்பதோ அதுக்கு மேலயோ வந்துரும்.

— மிச்சம் தொண்ணூத்திமூணுல வராதுல்ல?

— வராது. ஆனா ஃபாக்டரிதான் காரணம்னு அமைச்சகம் ஒத்துக்க, அந்த ஏழு அஞ்சுக்குக் கீழ எறங்கணும்.

— அஞ்சுன்னு வெச்சது யாரு?

— நான் படிக்கிறப்பவே அப்படித்தான் இருந்துச்சு.

— நீங்க என்ன நெனைக்கிறீங்க?

— நான் நெனைக்கிறதுக்கு அறிக்கையில எடமில்ல.

— வாயில இருக்குல்ல.

— ஃபாக்டரிதான்னு நெனைக்கிறேன். போதுமா? இதையே பாத்துப் பாத்து அலுத்துப் போச்சும்மா. ஆனாலும் நாளைக்கு 'நிரூபிக்க முடியல'ன்னுதான் கையெழுத்துப் போடுவேன். அவங்களும் லைசென்ஸப் புதுப்பிச்சுக்குவாங்க.

— ம்.

— அந்த ஃபாக்டரி வாசல்ல அரேபா ரொட்டி வித்துத்தான நீங்களும் பொழைக்கிறீங்க? மூடிட்டா யாரு வாங்குவா?

— வேற வாசல் பாத்துக்குவேன். அஞ்சுக்குக் கீழ எறங்க என்ன வேணும்?

— அந்தப் பேச்சு வேணாம்மா.

— கேக்குறேன்ல.

— இன்னும் ஒரு புள்ளி. பத்தாச்சுன்னா அந்த ஏழு மூணுக்கு எறங்கிரும். அத யாரு வேண்டிக்குவா? விடுங்க.

— நாளைக்குத்தான கையெழுத்து?

— ஆமா.

— அப்ப உக்காருங்க. நான் ஆஸ்பத்திரியிலேருந்து நேரா இங்கதான் வரேன். என் சின்னவன் எய்தெருக்கும் அதேதானாம். ரத்தத்தப் பாத்துட்டுச் சொல்லிட்டாங்க.

— நுபியாம்மா...

— புள்ளிய வைங்க டாக்டர். எடம் தேட வேணாம், யூலெய்சி மேலயே வைங்க.